அனுப்பினால் போதும் என்றோம்

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நெசவாளர் வீடு. நான்காம் வகுப்புப் பையனின் கணக்கு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அளவைகள் பாடத்தில் பையன் ஏறக்குறைய எதுவுமே எழுதவில்லை. சென்டிமீட்டர் எவ்வளவு, மீட்டர் எவ்வளவு என்ற உணர்வே அவனுக்கு இல்லை. அவன் அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லலாம் என்று போயிருந்தேன். அவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். தறிக்கால் ஆணியில் ஒரு இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு பென்சில் படம், அதன் கீழே அளவுகோல் படம். படிக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதுவா டீச்சர் பாடம்? எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சொல்றீங்களே. நடத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தறியிலேயே காட்டியிருப்பேனே. நாள் முழுக்க நான் அளந்துகிட்டுத்தானே உக்காந்திருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போட எழுந்தார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னபோது அவர்களிடமும் இல்லை.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் இருபது, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் நாங்கள். பள்ளி மாறியிருக்கிறோம், தலைமையாசிரியர்கள் மாறியிருக்கிறார்கள், பாடநூல் பலமுறை மாறியிருக்கிறது. அடுத்த வாரம் வகுப்பில் என்ன பாடம் என்று பெற்றோரிடம் முன்கூட்டிச் சொல்லாத பழக்கம் மட்டும் எல்லாப் பள்ளிகளிலும் எங்களோடு கூடவே வந்தது. அதனால்தான் 'நாங்கள்' என்று எழுதுகிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. அது கெட்ட எண்ணத்தில் பிறந்ததில்லை. பட்டுத்தறியில் கோர்வை என்று ஒரு வேலை இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை பூட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஊடுநூலை ஓட்டும் நாடா மூன்று வேண்டும். நெய்பவர் ஒருவராகவே மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்து நாடாவைப் போட்டுக்கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் பல வீடுகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்த காலத்தில்தான் எங்களில் பலர் வேலைக்குச் சேர்ந்தோம். முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் தறிக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளும் இருந்தன. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். வேகவதிக் கரையோரத் தெருக்களில் காலையில் பாவு நீட்டியிருக்கும். குனிந்தும் ஒதுங்கியும் அதைக் கடந்துபோய் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னோம்: "நீங்க பிள்ளையை அனுப்பி வெச்சா போதும்மா, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அந்த வாக்கியத்தை நம்பி அவர்கள் அனுப்பினார்கள். தறியில் இரண்டாவது கை இல்லாமல் போனால் சேலை இறங்கும் நாள் தள்ளிப்போகும், கூலி குறையும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டுதான் அனுப்பினார்கள். நாங்கள் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு இரண்டு பாதி கொண்டது. முதல் பாதியில் பிள்ளை பள்ளிக்கு வந்தது. இரண்டாம் பாதியில் பெற்றோர் பள்ளிக்கு வெளியே நின்றார்கள். அன்றைக்கு அந்த வாக்கு தேவைப்பட்டது. பிள்ளைகள் எல்லோரும் வகுப்புக்கு வந்து சேர்ந்த பிறகாவது அதைத் திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "போதும்" என்று ஒருமுறை சொன்னதை இருபது வருடமாக அப்படியே விட்டுவிட்டோம்.

பெற்றோரிடம் நாங்கள் பேசவே இல்லை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. ஓயாமல் பேசினோம். ஆதார் நகல் வேண்டும், வங்கிக் கணக்குத் தொடங்குங்கள், சாதிச் சான்றிதழ் கொண்டுவாருங்கள், நாளை மழை விடுமுறை, சீருடை வந்திருக்கிறது, பேன் பார்த்து அனுப்புங்கள். வகுப்புக்கென்று வாட்ஸ்அப் குழு வந்த பிறகு இன்னும் அதிகமாகப் பேசினோம். அண்மையில் ஒரு மாலை, என் வகுப்புக் குழுவில் அந்தக் கல்வியாண்டு முழுக்க நான் அனுப்பியதைத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பாடத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று தேடினேன். ஆண்டு விழாவுக்கு எந்த நிற உடை என்று கேட்ட செய்தி இருந்தது. பாடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

இந்தப் பகுதிக்காரர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு, காமராசர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். கரும்பலகை, பெஞ்சு, மணி, கட்டடத்துக்கு இடம் என்று மக்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். பள்ளி எங்களுடையது என்று ஊர் நினைத்த காலம் அது. பள்ளிக்குப் பொருள் கொடுக்க அழைத்த அளவுக்குப் பாடத்துக்குள் வரப் பெற்றோரை அழைக்கும் கடமை அவருக்குப் பின் வந்த எங்களுக்கு இருந்தது. அந்த இடத்தில்தான் நாங்கள் நின்றுவிட்டோம்.

அடுத்த வாரப் பாடம் எங்களுக்கே தெரியாது என்றால் மன்னிக்கலாம். தெரியும். பாடக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்போம்: எந்தப் பாடம், என்ன கற்றல் விளைவு, என்ன துணைக்கருவி, எந்தச் செயல்பாடு. தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும் நாளில் அதை மேசைமேல் எடுத்து வைப்போம். அடிக்கோடு சிவப்பு மையில் போடுபவர்களும் உண்டு. அந்தக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைக்கூட, அந்தப் பாடம் யாருடைய பிள்ளைக்கோ அந்த அம்மாவிடம் நாங்கள் வாசித்துக் காட்டியதில்லை. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு ஆசிரியர் கையேட்டிலேயே பாட வரிசை அச்சாகி வருகிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். பிள்ளை அரும்பில் இருக்கிறது என்றால் என்ன, அடுத்து எதைக் கற்றால் மொட்டுக்கு வரும் என்று வீட்டில் கேட்டால் விழிப்பார்கள். விளக்கிச் சொல்லும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தைய செயல்வழிக் கற்றலில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுதும் வந்த முறை அது. சுவரில் ஏணிப்படி அட்டை மாட்டியிருக்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த அட்டை எது என்று பிள்ளையே விரல் வைத்துச் சொல்லும். அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளையின் முகத்தை அந்த ஆண்டுகளில் தினமும் பார்த்தோம். அந்த ஏணியின் ஒரு நகலை வீட்டுச் சுவருக்கும் அனுப்பலாம் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொரோனாக் காலம் எங்களை இன்னும் அதிகமாகக் காட்டிக்கொடுத்தது. 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரத் தொடங்கியதும், எந்த வகுப்புக்கு எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்ற அட்டவணையைக் குழுக்களில் போட்டோம். போன் இல்லாத வீடுகளுக்கு நேரில் போய்ச் சொன்னோம். தறிக்குழியில் இருந்தபடியே "மணி ஆச்சு, உன் பாடம் போடுவான், டிவியப் போடு" என்று அம்மாக்கள் கூப்பிட்டதைக் காதால் கேட்டோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு தாத்தா அட்டவணையைக் காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி மாட்டியிருந்தார். நாட்டுக்கே கெட்ட காலமாக இருந்த அந்த மாதங்களில், வரப்போகும் பாடம் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தன. பிள்ளைகளை வாசலில் வரவேற்றோம், இனிப்புக் கொடுத்தோம். அன்றோடு அட்டவணை அனுப்புவதை நிறுத்திக்கொண்டோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை எங்கள் கைக்கு வந்துவிட்டது, இனி அவர்களுக்கு எதற்கு என்று நினைத்திருக்கிறோம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சட்டமும் எங்களுக்கு நினைவூட்டிக்கொண்டுதான் இருந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம், மற்றும் தெரிவிக்க வேண்டிய பிற செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. நாங்கள் முதல் மூன்றைப் பிடித்துக்கொண்டோம். மூன்றும் நடந்து முடிந்தவை: எத்தனை நாள் வரவில்லை, எதில் பின்தங்கினான், எவ்வளவு மதிப்பெண். கடைசியாக உள்ள அந்தப் 'பிற செய்தி'க்குள் வரப்போகும் பாடத்தை வைக்கலாமே என்று பார்க்கவில்லை. அதே சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கழிப்பறை பேசுவோம், சுற்றுச்சுவர் பேசுவோம், குடிநீர்த் தொட்டி பேசுவோம். எல்லாம் பேச வேண்டியவைதான். கற்பித்தலைப் பற்றி ஒரு தீர்மானம்கூட எழுதியதாக எங்கள் நினைவில் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று எங்களுக்குள் பேசியபோது வழக்கமான காரணங்கள் வந்தன. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, நேரமில்லை, சொன்னால் குழம்புவார்கள். நேரமில்லை என்பது உண்மை. தறியை விட்டுவிட்டு ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போகும் தகப்பன்மார் விடியுமுன்னே பஸ் ஏறிவிடுகிறார்கள். போன் அவர்கள் சட்டைப் பையில் போய்விடுகிறது. வீட்டில் இருப்பது தார் சுற்றும் பாட்டியும் தறியில் இருக்கும் அம்மாவும். இதெல்லாம் சரி. ஆனால் உட்கார்ந்து நெடுநேரம் பேசிய பிறகு, மூத்த ஆசிரியர் ஒருவர் உள்ளே இருந்ததைச் சொன்னார். "திங்கட்கிழமை இந்தப் பாடம்னு சொல்லிட்டு, பயிற்சிக்குக் கூப்பிட்டாங்க, வாக்காளர் பட்டியல் வேலைக்குக் கூப்பிட்டாங்கன்னு நாம போயிட்டா, ஏன் நடத்தலன்னு வாசல்ல வந்து கேப்பாங்களே. அதான் பயம்." அறையில் யாரும் அதை மறுக்கவில்லை. எங்களைக் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும் என்ற பயம்தான் பாடக் குறிப்பேட்டை மேசை இழுப்பறைக்குள்ளேயே வைத்திருந்தது.

அந்தப் பயம் எவ்வளவு தேவையற்றது என்று நெசவாளர் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்தால் தெரியும். ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறும், பாவு இழுக்காது. சொன்ன தேதிக்குச் சேலை இறங்காது. போய்ச் சங்கத்திலோ முதலாளியிடமோ "இந்த வாரம் முடியல, அடுத்த வாரம் இறக்கிடறேன்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். வேலை தள்ளிப்போவதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாங்கள் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்கள்.

தறிவேலை முழுவதும் முன்கூட்டித் தெரிந்துகொள்வதில்தான் நடக்கிறது. என்ன டிசைன், உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், முந்தியில் என்ன உரு என்று முடிவாகாமல் யாரும் பாவு பிணைப்பதில்லை. ஜக்கார்டில் மாட்டும் அட்டைகளில் ஓட்டை முன்னமே குத்தப்பட்டுவிடும். கடைசி இழை வரை வரப்போகும் அன்னமும் மயிலும் அந்த ஓட்டைகளில் இருக்கின்றன. ஒரு பாவுக்கு மூன்று சேலை என்றால் மூன்றாவது சேலையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் முதல் சேலையைத் தொடங்குகிறார்கள். தொடக்க வகுப்புக் கணக்கில் 'அமைப்புகள்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. ஒரு வட்டம், இரண்டு சதுரம், மறுபடி ஒரு வட்டம், அடுத்து என்ன வரும் என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஊரில், இந்தப் பாடத்தை, வண்ண அட்டையை வெட்டி ஒட்டி நடத்திவிட்டு வந்திருக்கிறோம். நூறு புட்டாவுக்கு நடுவில் ஒன்று இடம் மாறினாலும் கண்ணில் படும் கைகள் பிள்ளையின் வீட்டிலேயே இருக்கின்றன. அந்தப் பாடம் வருகிறது என்று அந்த வீட்டுக்கு நாங்கள் சொல்லவே இல்லை.

திரைலோக்கியநாதர் கோயிலில் நடந்தது என் மனதை இன்னும் அறுக்கிறது. திருப்பருத்திக்குன்றம் என்ற ஊர்ப் பெயரில் பருத்தி இருக்கிறது, தறியில் பட்டு இருக்கிறது, ஊரில் பல்லவர் காலத்திலிருந்து இந்தச் சமணக் கோயில் இருக்கிறது; ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற இடம். விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர்களான ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் வாழ்க்கைகளை வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் டி. என். ராமச்சந்திரன் இந்தக் கோயிலுக்கென்றே ஒரு நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகம் 1934-இல் அதை வெளியிட்டது. ஓர் ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனோம். அன்று காலையில்தான் பிள்ளைகளுக்கே சொன்னோம். அண்ணாந்து பார்த்தார்கள். மங்கிப்போன சிவப்பும் மஞ்சளும், நிறைய ஆட்கள், தேர், யானை. இது யார், அது யார் என்று கேட்டார்கள். எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் சலித்துப் பிராகாரத்தில் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

திரும்பும் நேரத்தில், தமிழ்ச் சமணரான ஒரு நயினார் தாத்தா வந்தார். எங்கள் மாணவி ஒருத்தியின் தாத்தா. பேத்தியைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து நின்றார். "நேத்தே தெரிஞ்சிருந்தா வீட்ல இருந்திருப்பேனே டீச்சர். பொண்ணு ஒண்ணும் சொல்லலியே" என்றார். அவளுக்கே தெரியாது என்று நான் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே, கிளம்பிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பிடித்து வைத்து ஒரு கதை மட்டும் சொன்னார். ஆதிநாதரான ரிஷபநாதருக்குப் பிராமி, சுந்தரி என்று இரண்டு பெண்கள். ஒருத்திக்கு எழுத்தையும் ஒருத்திக்கு எண்ணையும் கற்றுக்கொடுத்தார் என்பது சமண மரபு. "எண்ணும் எழுத்தும்னு உங்க ஸ்கூல் சுவத்துல எழுதியிருக்கே, அது ரெண்டையும் மொதல்ல சொல்லிக்கொடுத்தது ஒரு அப்பா" என்றார். பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள். இன்னும் அவரிடம் எத்தனை கதை இருந்ததோ, மணி ஆகிவிட்டது என்று வரிசையில் நிறுத்திக் கூட்டிவந்துவிட்டோம். மறுபடி போகவில்லை. அந்தப் பெண் இப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டாள்.

இதையெல்லாம் எங்கோ பெரிய வசதி உள்ள நாட்டில்தான் செய்ய முடியும் என்று சிலர் சொல்லக்கூடும். ஜப்பானில் தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியர்கள் அடுத்த வாரப் பாட வரிசையையும் கொண்டுவர வேண்டிய பொருட்களையும் ஒரு தாளில் அடித்துப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புகிறார்கள். தேவைப்பட்டது ஒரு தாள். இங்கிலாந்தில் 36 மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். 2016-இல் அதன் முடிவு வெளியானது. எப்போது தேர்வு, வகுப்பில் என்ன படிக்கிறார்கள், வீட்டுப்பாடம் வந்ததா என்று பெற்றோர் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு அளவுக்கு முன்னேறினார்கள். அது பெரிய பிள்ளைகளின் பள்ளி, நம் நிலைமைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அவர்கள் செலவழித்தது குறுஞ்செய்தி மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்களிடம் அதற்கு மேலேயே இருந்தது. தெரு தெரிந்தது, வீடு தெரிந்தது, எந்த வீட்டில் எந்த நேரம் தறி நிற்கும் என்பதுவரை தெரிந்தது.

அளவைகள் பாடத்துக்குப் பிறகு எங்களில் சிலர் ஒன்று தொடங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல், கம்பெனிக்குப் போன போன் வீடு திரும்பிய பிறகு, குழுவில் குரல் பதிவு ஒன்று போடுகிறோம். படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம். அதையே திங்கட்கிழமை காலை பள்ளி வாசல் பலகையில் மூன்று வரியாக எழுதுகிறோம். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பாட்டிகள் பிள்ளையையே படித்துக்காட்டச் சொல்கிறார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை மறந்திருக்கிறோம். ஒரு வாரம் சொன்ன பாடத்தை நடத்த முடியவில்லை. அதையும் பலகையில் எழுதினோம். யாரும் வாசலுக்கு வந்து சண்டை போடவில்லை. ஒரு தகப்பனார் மட்டும் வந்தார். பின்னப் பாடம் வருகிறதாமே, தறியில் வெட்டி எடுத்த துண்டுப் பட்டு இருக்கிறது, அரை, கால் என்று மடித்துக் காட்ட உதவுமா என்று கேட்டார்.

முப்பது ஆண்டில் எங்கள் கைவழியே போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுடைய பெற்றோரிடம் இனி எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இன்று பிள்ளையை அனுப்பிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: "அனுப்பி வெச்சா போதும்" என்று நாங்கள் சொன்னதை மறந்துவிடுங்கள். அடுத்த வாரம் என்ன பாடம் என்று எங்களைக் கேளுங்கள், தெருவில் பார்த்தாலும் நிறுத்திக் கேளுங்கள்.

வரும் திங்கட்கிழமை நான்காம் வகுப்புக்கு மீண்டும் அளவைகள். ஆறு கஜச் சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் என்பதைப் பிள்ளைகளே அளந்து பார்க்கப் போகிறார்கள். வீட்டில் இஞ்ச் டேப் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள். தறியை விட்டு அரை மணி எழுந்து வர முடிகிறவர்கள் பதினொரு மணிக்கு வகுப்புக்கே வாருங்கள்.